விடுபட்டதை அளந்த வித்தகர் – எல்லாப்பிரகட சுப்பாராவ்

மன்னர், புலவர், அருளாளர், விடுதலை வீரர் ஆகியோரின் வரலாறுகளைத் தமிழில் நிறையவே எழுதியும் படித்தும் வந்திருக்கிறோம். கண்ணாடிக் குடுவைகளுக்கிடையே தம் ஆயுளைக் கழித்த அறிவியல் அறிஞர்களின் வரலாறுகளோ அத்துணை மிகுதியாக எழுதப்படவில்லை. அவ்வாறு எழுதப்பட வேண்டியவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். ஆந்திர மண்ணில் பிறந்து, சென்னையில் கற்று, அமெரிக்காவில் ஆய்ந்து, உலகெங்கும் உள்ள நோயாளிகளுக்குப் பயன்பட்டு, தம் பெயர் பெரிதும் அறியப்படாமலே மறைந்தவர் அவர். இம்மலரைப் படிக்கும் மாணவரும் அவர்தம் இல்லத்தாரும் அப்பெயரை அறியாமல் இருக்கலாம். ஆயின், அவர் ஆய்வின் பயனை ஏதேனும் ஒரு மாத்திரை வடிவில் நுகராத குடும்பம் அரிது.

மனித உடலின் செல்களுக்குள் செய்திகள் எவ்வாறு ஓடுகின்றன, ஓடிய செய்தி எவ்வாறு முடித்துவைக்கப்படுகிறது என்பது இன்றைய உயிர்வேதியியலின் தலையாய வினாக்களுள் ஒன்று. அவ்வினாவுக்கு விடை காணும் வழியில் முதற்கற்களை நட்டவர்களுள் ஒருவர் சுப்பாராவ். அவர் வாழ்வையும் அவ்விடையையும் சேர்த்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணிபுரிந்தவர், தாயார் வெங்கம்மா. உடன்பிறந்தோர் பலர், வருவாயோ குறைவு. வறுமை அக்குடும்பத்திற்கு விருந்தாளியாக வந்ததன்று, உடன் வாழ்ந்தது.

இளமையில் சுப்பாராவ் படிப்பில் சிறந்து விளங்கினார் என்று எழுத நமக்கு ஆசைதான். உண்மை வேறு. பள்ளிப் பாடத்தில் மனம் பற்றாமல், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என வீட்டைவிட்டுப் புறப்பட்ட சிறுவர் அவர். இடைவழியில் பிடித்துத் திரும்ப அழைத்துவரப்பட்டார். மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருமுறையன்று, இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். தந்தையை இழந்த நிலையில் அவரைப் படிக்கவைக்கத் தாயார் தம் அணிகலன்களை விற்றார் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். பின்னாளில் மருந்துலகை ஆண்ட அவ்வறிஞருக்குக் கல்வியின் முதல் வாயிலே இருமுறை அடைபட்டது என்பதை நம் மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

கதராடையும் கைநழுவிய பட்டமும்

சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பை முடித்தபின் துறவு பூணும் எண்ணம் அவருக்கு எழுந்தது. தாயார் இசையவில்லை. எனவே, மக்களுக்குத் தொண்டு செய்யும் மற்றொரு வழியாக மருத்துவத்தைத் தேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919இல் சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி மருமகனின் கல்விச் செலவுக்குக் கைகொடுத்தார்.

அக்காலம், அந்நியத் துணியை விலக்குமாறு காந்தியடிகள் நாட்டை அழைத்த காலம். மருத்துவ மாணவராகிய சுப்பாராவ் அறுவை அரங்கிற்கும் கதராடை அணிந்தே சென்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டுக்கு அஃது உவப்பாக இல்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும், முழு மருத்துவப் பட்டம் அவருக்கு மறுக்கப்பட்டது. அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது. ஒரு துணியின் விலையாக ஒரு பட்டத்தைக் கொடுத்தார் எனலாம். அரசு மருத்துவப் பணிக்கு முயன்றும் இடம் கிட்டவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார்.

அதற்குள் மற்றொரு பேரிடி விழுந்திருந்தது. உடன்பிறந்தோர் இருவரை, ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டலக் கழிச்சல் நோய் குறுகிய இடைவெளியில் கொண்டுசென்றது. குடல், உணவின் சத்தை ஏற்க மறுத்து, இரத்தம் வெளிறி, உடல் நாள்தோறும் மெலிந்து மடியும் நோய் அது. மருத்துவம் கற்றும் தம் உடன்பிறந்தாரைக் காக்க இயலாத அத்துயரமே அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது.

கடல் கடந்த பயணம்

வெப்பமண்டல நோய்களைக் கற்க அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சிறந்த இடமென அறிந்தார். கையில் பொருளில்லை. மாமனாரின் உதவியும், காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியும் கப்பலேற வழிசெய்தன. எங்கோ ஒரு துறைமுக ஊரில் வணிகர் ஒருவர் கல்விக்கென விட்டுச்சென்ற அறப்பொருள், அவர் முகமே அறியாத ஓர் இளைஞரைக் கடல் கடத்தியது. கல்வி உதவி நல்கும் நம் பெரியோர்கள், தாம் கொடுக்கும் சிறுதொகை எந்த மாணவரை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதை முன்னரே அறிய இயலாது. அறத்தின் அழகே அதுதான்.

1922 அக்டோபரில், தம் 27ஆம் வயதில் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார். உதவித்தொகை இல்லை, பனிக்குளிரோ புதிது. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுநேர ஏவலராகச் சேர்ந்து, நோயாளிகளின் கழிவுக் கலங்களை அப்புறப்படுத்தித் துப்புரவு செய்யும் வேலையை ஏற்றார். இரவில் ஏவலர், பகலில் மாணவர். அவ்வாறே வெப்பமண்டல மருத்துவப் பட்டயம் பெற்று, பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறைக்குள் நுழைந்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆசிரியரிடம் பணியாற்றும் வாய்ப்பு அமைந்தது.

நீல நிறம் காட்டிய வழி

பாஸ்பரஸ் எலும்பில் உண்டு, தசையில் உண்டு, இரத்தத்தில் உண்டு. உடலில் அஃது தனித்த நிலையில் இராது. உயிர்வளியோடு சேர்ந்த பாஸ்பேட் என்னும் தொகுதியாகவே இருக்கும். அதனை நுட்பமாக அளக்கும் எளிய முறை அக்காலத்தில் இல்லை. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அதற்கோர் வழி கண்டு 1925இல் வெளியிட்டனர்.

அம்முறையின் அடிப்படை எளிது. பாஸ்பேட் கலந்த நீர்மத்தில் அமிலமும் மாலிப்டேட் உப்பும் சேர்த்தால் இரண்டும் இணைந்து ஒரு கூட்டுப்பொருளாகும். அதனை ஒடுக்கவல்ல மற்றொரு வேதிப்பொருளைச் சேர்த்தால் அழகிய நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நீலம் அடர்ந்து தோன்றும். குறைந்தால் வெளிறித் தோன்றும். நிறத்தின் ஆழத்தை ஒப்பிட்டு அளவைக் கூறிவிடலாம். அறிவியல் உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் வரிசையில் இஃது இடம்பெற்றது. உலகெங்கும் உள்ள உயிர்வேதியியல் ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்னும் பெயரால் மாணவர் அதனைக் கற்றனர்.

இங்கு ஊன்றி நோக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வேறொரு மூலக்கூறோடு பிணைந்து கிடக்கும் பாஸ்பேட் இந்நீலத்தைத் தருவதில்லை. பிணைப்பு அறுந்து விடுபட்ட பாஸ்பேட்டே நீலம் தரும். ஆகவே சுப்பாராவின் குடுவை, விடுபட்டதை அளக்கும் குடுவை. இந்நுட்பமே அவர்தம் பெருங்கண்டுபிடிப்புகளுக்கெல்லாம் திறவுகோலாயிற்று.

உயிரின் நாணயம்

தசைச் சாற்றை இம்முறையால் சோதித்தபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. உடனே தோன்றி நிலைத்திருக்க வேண்டிய நீலம், மெல்ல மெல்ல அடர்ந்துகொண்டே சென்றது. கவனமற்றவர் அதனைச் சோதனைப் பிழை என ஒதுக்கியிருப்பார். இவர்களோ அதன் காரணத்தை நாடினர். தசைக்குள் ஒரு பொருள் பாஸ்பேட்டைத் தளர்வாகப் பற்றிக்கொண்டிருக்கிறது. சோதனைக் குடுவையின் அமிலத்தில் அஃது உடைந்து பாஸ்பேட்டைச் சிறிது சிறிதாக விடுகிறது. அதனாலேயே நீலம் தாமதமாக அடர்கிறது என்று உணர்ந்தனர். 1927இல் அப்பொருள் பாஸ்போகிரியேட்டின் என அடையாளம் காணப்பட்டது. தசை உழைக்கும்போது அது குறைகிறது, ஓய்வில் மீள்கிறது. இங்கிலாந்திலும் எகிள்டன் இணையர் இதே பொருளை நெருங்கியிருந்தனர்.

அதுகாறும் தசையின் உழைப்பிற்கு லாக்டிக் அமிலம் உண்டாவதே காரணம் எனக் கருதப்பட்டது. தசை பற்றிய ஆய்வுக்காகவே ஆர்ச்சிபால்ட் ஹில்லும் ஓட்டோ மேயர்ஹாஃபும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். புதிய கண்டுபிடிப்பு அக்கோட்பாட்டை அசைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1929இல், மற்றொரு பொருளையும் தசையிலிருந்து ஃபிஸ்கேயும் சுப்பாராவும் பிரித்தறிந்தனர். மூன்று பாஸ்பேட்டுகளைச் சங்கிலியாகக் கோத்த அடினோசின் ட்ரைபாஸ்பேட் அது, சுருக்கமாக ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டார். நாம் உண்ணும் சோற்றின் ஆற்றல் உடலுக்குள் புழங்குவது பெரிதும் இந்நாணயத்தின் வடிவில்தான். விரலை மடக்குவதற்கும் மூளை நினைப்பதற்கும் ஏ.டி.பி. செலவாகிறது.

1930இல் சுப்பாராவுக்கு ஹார்வர்டு முனைவர் பட்டம் வழங்கியது. சென்னையில் மறுக்கப்பட்ட பட்டத்திற்கு ஈடு செய்யப்பட்டது போலும்.

கைகாட்டியும் நொதியும்

இவ்விடத்தில், சுப்பாராவின் காலத்தைச் சற்றுக் கடந்து சென்று, அவர் அளந்த பாஸ்பேட்டின் பின்வரலாற்றைக் காண்பது தகும்.

நம் போத்தனூர், 1862 முதல் இருப்புப்பாதையோடு வளர்ந்த ஊர். இரயில்வேயின் சமிக்ஞை, தொலைத்தொடர்புப் பணிமனையால் பெயர் பெற்ற ஊர். எனவே கைகாட்டி என்றால் நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கை தாழ்ந்தால் வண்டி செல்லலாம். நீண்டு நின்றால் நிற்க வேண்டும். வண்டி கடந்தபின் கை மீண்டும் பழைய நிலைக்கு வரவேண்டும். தாழ்ந்தபடியே நின்றுவிட்டால், பின்வரும் வண்டி முன்சென்ற வண்டியின்மேல் மோதும். ஆகவே கைகாட்டியைத் தாழ்த்துவது பாதி வேலை. மீட்பது மறு பாதி.

செல்லுக்குள்ளும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஹார்மோன் முதலிய செய்திகள் செல்லின் வாயிலை அடையும்போது, உள்ளிருக்கும் புரதங்களின்மேல் பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. செரின், திரியோனின், டைரோசின் என்னும் அமினோ அமிலங்களே அது ஏறும் இடங்கள். ஏற்றும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். ஏற்றப்படும் பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? சுப்பாராவ் கண்ட அதே ஏ.டி.பி.யிலிருந்துதான். பாஸ்பேட் ஏறியதும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறவே செயலும் மாறுகிறது. செய்தி அடுத்த புரதத்திற்குக் கைமாறுகிறது.

ஏற்றிய பாஸ்பேட்டை அகற்றும் நொதிகளே பாஸ்பேட்டேஸ்கள். நீரின் துணைகொண்டு பிணைப்பை அறுத்துப் பாஸ்பேட்டை விடுவிப்பது அவற்றின் தொழில். செய்தி முடிந்தது என்று கைகாட்டியை மீட்பவை அவை. ஆயின் உவமையை ஓரெல்லைக்கு மேல் நீட்டலாகாது. பாஸ்பேட்டை அகற்றுவது எப்போதும் நிறுத்துவதாக அமைவதில்லை. சில புரதங்கள் பாஸ்பேட் அகன்ற பின்னரே செயலில் இறங்கும். உணவுக்குப்பின் இன்சுலின் சுரக்கும்போது, சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும் நொதியிலிருந்து பாஸ்பேட் அகற்றப்படுகிறது; அதனால் அந்நொதி விழிக்கிறது. கிளைக்கோஜனை உடைக்கும் நொதியிலிருந்தும் அகற்றப்படுகிறது. அதனால் அந்நொதி அடங்குகிறது. ஒரே விடுவிப்பு, ஓரிடத்தில் தொடக்கம், மற்றோரிடத்தில் முடிவு.

இவ்வுண்மை புலப்பட்ட கதையும் சுவையானது. 1940களில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி இணையர், கிளைக்கோஜனை உடைக்கும் நொதியை அடங்கிய வடிவத்திற்கு மாற்றும் மற்றொரு நொதியைக் கண்டனர். அது ஏதோ ஒரு துணைப்பொருளைக் கழற்றுகிறது என எண்ணி அதற்கேற்பப் பெயரிட்டனர். கழற்றப்படுவது பாஸ்பேட்டே என்பது அப்போது தெரியவில்லை. 1955இல் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும், அடங்கிய நொதியை ஏ.டி.பி. கொண்டு எழுப்பிக் காட்டியபின்னரே புதிர் அவிழ்ந்தது. கோரி இணையர் கண்ட நொதி, ஒரு பாஸ்பேட்டேஸ்! ஃபிஷர், கிரெப்ஸ் இருவரும் 1992இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயினும் உலகின் கண் நெடுங்காலம் ஏற்றுபவற்றின் மேலேயே இருந்தது; அகற்றுபவை ஏவலர்போல் கருதப்பட்டன. டைரோசின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி 1979இல் அறியப்பட்டது. அங்கிருந்து அதனை அகற்றும் நொதி தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டதோ 1988இல்தான். இன்று நிலை மாறிவிட்டது. கால்சிநியூரின் என்னும் பாஸ்பேட்டேஸை எடுத்துக்கொள்வோம். நோய் எதிர்க்கும் வெள்ளணுக்களில், ஒரு தூதுப் புரதத்தின் பாஸ்பேட்டை இது அகற்றினால்தான் அத்தூது செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து போர் முழக்கும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் உண்ணும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய மருந்துகள் இந்நொதியைத் தடுப்பனவே என்று 1991இல் தெளிவாயிற்று. அகற்றுதல் தடைபடுகிறது, போர் முழக்கம் எழவில்லை, பிறர் தந்த சிறுநீரகம் உடலில் தங்குகிறது.

மனித உடலில் கைனேஸ் வகைகள் 500க்கும் மேற்பட்டவை. பாஸ்பேட்டேஸ் வகைகள் அவற்றினும் குறைவு. துணைப் புரதங்கள் பலவற்றோடு மாறிமாறிக் கூடி, குறைந்த எண்ணிக்கையிலேயே அவை தம் பெரும்பணியை முடிக்கின்றன. ஒரு பாஸ்பேட்டேஸ் எவ்வளவு வேலை செய்தது என்பதை அறிய, அது விடுவித்த பாஸ்பேட்டை அளத்தல் ஒரு நேர்வழி. அவ்வளவீட்டிற்கு ஆய்வாளர்கள் நெடுங்காலம் நாடியது சுப்பாராவின் நீல நிறத்தையே.

பியர்ல் ரிவரில் எட்டாண்டுகள்

மீண்டும் அவர் வாழ்வுக்கு வருவோம். இத்தனை கண்டுபிடிப்புகளுக்குப் பின்னும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான உயர்பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்துப் பியர்ல் ரிவரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவில் ஆராய்ச்சி இயக்குநரானார். எஞ்சிய எட்டாண்டுகளில் அவர் தலைமையில் விளைந்தவை வியப்பூட்டுவன.

முதலாவது ஃபோலிக் அமிலம். கருவுற்ற பெண்களின் இரத்தசோகையைப் போக்கும் ஒரு சத்தைத் தேடி, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயிலும் நம் அண்டை மலையாகிய குன்னூரிலும் ஆராய்ந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர். அவர் சுட்டிய சத்தே ஃபோலிக் அமிலம் எனப் பின்னர் அறியப்பட்டது. அதனை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியது சுப்பாராவின் குழு, ஆண்டு 1945. அக்கட்டுரையில் ஆசிரியர்களாக 16 பேர் பெயர்கள் உள்ளன. குழுத்தலைவரின் பெயர் முதலிலும் இல்லை, இறுதியிலும் இல்லை. நடுவே அகரவரிசையில் அமைந்துள்ளது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் தாய்மார்களுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் கலந்திருப்பது இவ்வமிலமே. ஸ்ப்ரூ நோய்க்கும் இது மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து அவர் கையாலேயே மாற்றுக் கிடைத்தது.

இரண்டாவது, ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்துகள். பெருகும் புற்றணுக்களுக்கு இச்சத்துத் தேவை. அதன் சாயலில் ஒரு போலியைக் கொடுத்தால் அவை ஏமாறும். லெடர்லி தந்த அமினாப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுக்கு ஆளான 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம், நிலையாக இல்லாவிடினும், நோய் தணிந்தது. 1948 ஜூனில் வெளியான அவ்வறிக்கை புற்றுநோய் மருந்துச் சிகிச்சையின் தொடக்கங்களுள் ஒன்று. அதன் இளவல் மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுக்கும் முடக்குவாதத்துக்கும் பயன்படுகிறது.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசைன், 1947இல் வெளிவந்தது. தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் வீடுதோறும் வழங்கப்பட்ட மாத்திரை அதுவே. நான்காவது ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் தலைமகன். பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற, எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலாரை அழைத்து இடமளித்தவர் சுப்பாராவ். அம்முதியவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து கண்ட அம்மருந்து 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1994இல் சூரத் நகரைக் கொள்ளைநோய் அச்சுறுத்தியபோது மக்கள் தேடி ஓடியது டெட்ராசைக்ளின் மாத்திரைகளைத்தான்.

புகழும் இழப்பும்

இத்தகையவர் ஏன் அறியப்படவில்லை? காரணங்கள் பல. நோபல் பரிசு அவரை நாடவில்லை. அவர் தனித்துக் கண்ட சில பொருள்கள், மேலிருந்தவரின் பொறாமையால் வெளிவராமல் நின்று, பின்னர்ப் பிறரால் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டன என அக்காலத்தில் ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பதிவு செய்துள்ளார். ஹிட்சிங்ஸ் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். சுப்பாராவோ தம் ஆசிரியருக்கு உரிய மதிப்பை என்றும் குறைத்ததில்லை. விளம்பரத்தை அவர் விரும்பவில்லை. கண்டுபிடிப்பின் பெருமையைக் கண்டவர் கையிலேயே விட்டுவிட்டார்.

அவர் இழந்தவற்றையும் மறைத்தல் முறையன்று. சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லிப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண்மகவு குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. தந்தை அதன் முகம் காணவில்லை. சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் காணாமலே காத்திருந்தார். உலகின் எண்ணற்ற தாய்மார்களின் இரத்தசோகையைத் தீர்த்த மருந்துக்கு, இங்கே ஒரு பெண் தன் வாழ்நாளை விலையாகக் கொடுத்தார். சுப்பாராவின் வரலாற்றை எழுதும் எவரும் இவ்வம்மையாரின் பெயரை விடலாகாது.

1946இல் இந்தியருக்கு அமெரிக்கக் குடியுரிமைக்கான கதவு திறக்கப்பட்டும் அவர் அதனைப் பெறவில்லை. 1948 ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில், பியர்ல் ரிவரில் உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். ஒரு பூஞ்சை இனத்திற்குச் சுப்பாரோமைசிஸ் என அவர் பெயரை இட்டனர். 1995இல் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

நிறைவாக

பாஸ்பேட் புரதத்தின்மேல் ஏறும்போது செய்தி பிறக்கிறது. அஃது உரிய நேரத்தில் அகற்றப்படும்போதே செய்தி பொருள் பெறுகிறது. பற்றுதல் மட்டும் உயிர்ப்பு என்று எண்ணிய அறிவியல், விடுதலும் உயிர்ப்பே என்பதை மெல்ல உணர்ந்தது. விடுபட்டதை அளக்க முதலில் கற்றுத்தந்த சுப்பாராவ், தம் வாழ்விலும் பட்டத்தை, பதவியை, புகழை ஒவ்வொன்றாக விட நேர்ந்தவர். விடாது பற்றியது நோயுற்றாரின் துயர் ஒன்றையே.

மாணவச் செல்வங்களே! தேர்வில் தோற்றவர் உங்களுள் இருக்கலாம். உடையாலோ ஊராலோ மொழியாலோ ஒதுக்கப்பட்டவரும் இருக்கலாம். மும்முறை தேர்வெழுதியவரும், இரவு ஏவலராய்க் கழிவுக் கலம் சுமந்தவரும் ஆகிய ஒருவரின் பெயரை நினைவில் வையுங்கள். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாயில் நீலம் பூக்கும்போது, அது யார் கற்றுத்தந்த நீலம் என்பதை ஆசிரியர்கள் ஒரு வரியேனும் சொல்லுங்கள். அவருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.